பானையைத் தட்டுவது போல ரயில் சக்கரத்தைத் தட்டுவார்கள், ஏன் தெரியுமா?

[காட்சி: மலேசியா, பட்டர்வொர்த் நிலையம், இ.டி.எஸ். மின்சார ரயில் புறப்படுகிறது]

வணக்கம் மக்களே! ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். திடீரென்று தரையைக் கிழித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பட்டை மேலே எழுகிறது. கட்டுக்கதை இல்லை. 1998 ஜூன் 3, ஜெர்மனியில் எஷெடே என்ற ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. ரயில் அப்போது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பட்டை சக்கரத்தின் வெளிவளையம். முதலில் அந்த ரயிலுக்கு ஒரே துண்டு இரும்பில் செய்த சக்கரம்தான். சாப்பாட்டுப் பெட்டி அதிர்கிறது என்பதால், வளையத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். டிராமில் பழகிய முறை அது. அதிர்வு குறைந்தது, சரி. ஆனால் ரப்பர்மேல் உட்கார்ந்த வளையம் ஒவ்வொரு சுற்றிலும் லேசாக நசுங்கி நிமிரும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 350 தடவை. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிந்துபோகுமே, அதே கதைதான். விரிசல் விழுந்தது உள்பக்கத்தில்.

பட்டை எழுந்ததைப் பார்த்த பயணி ஒருவர் நடத்துநரைத் தேடி ஓடினார். ரயில் நிற்கவில்லை. அப்புறம் பெட்டிகள் தடம்புரண்டு பாலத்தில் மோதின. 101 பேர் இறந்தார்கள். அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் எனக்கு மனசே ஆறாது. அப்படி ஒன்றைப் பார்த்தால் யாரையும் தேடிப் போகாதீர்கள், அவசர பிரேக்கை இழுங்கள்!

[காட்சி: பினாங்கு லிட்டில் இந்தியா, பொங்கல் பானைக் கடை]

இங்கே பாருங்கள். இந்த அம்மா பானையை ஒரு கையில் தூக்கி, விரல் மூட்டால் தட்டுகிறார். 'டங்' என்றால் கூடைக்குள் போகும். 'டொக்' என்றால், கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும் கடைக்காரரிடமே திரும்பிவிடும். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தா, சக்கரத்துக்கும் இதே வைத்தியம்தான் என்பார். நீளக் காம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்டது சட்டென்று அடங்கிவிடும். காதுதான் கருவி! எனக்கு இதைவிட அழகான பரிசோதனை தெரியாது.

இப்போது மீயொலிக் கருவி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும் கருவி, இரும்புக்குள்ளேயே விரிசலைத் தேடிவிடுகிறது. எஷெடேவுக்குப் பிறகு அந்த ரயில்களுக்கும் பழையபடி ஒரே துண்டு இரும்புச் சக்கரம் வந்தது.

உங்கள் வீட்டிலும் சுத்தியல் பிடித்த தாத்தா யாராவது இருந்தால், அவர் சொன்னதைக் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் நானே வாசிக்கிறேன்.