பயப்படுகிற நாளில்: கேத்தியிலிருந்து ஒரு மழைக்காலப் பேச்சு

எல்லாருக்கும் தோத்திரம், வணக்கம். குன்னூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில், கேத்தி பள்ளத்தாக்குக்கு மேலே நின்று பேசுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் கேரட் தோட்டங்களும் வீடுகளும் தெரிய வேண்டும். இப்போதைக்கு மூடுபனிதான் தெரிகிறது. நடுவே லாரிகள் ஹாரன் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் ஜெபக் கூட்டங்களில் தவறாமல் ஒரு விண்ணப்பம் வரும்: "ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் பிடிப்பதில்லை, எனக்காக ஜெபியுங்கள்." சமவெளிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே மழை பெய்தால்தானே நல்ல தூக்கம் வரும்! இங்கே 2009 நவம்பரைப் பார்த்தவர்களுக்கு அப்படி வருவதில்லை. அந்த மாதம் 10ஆம் தேதி கேத்தியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். ஒரே நாள் கணக்கு அது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தான சரிவு, வீட்டுக்கும் சாலைக்கும் வெட்டிய அடிவாரம், நாள்கணக்கில் நீரைக் குடித்து ஊறிப்போன மண். இவை சேர்ந்தால் மலை பிடி விட்டுவிடும். 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியிலேயே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியபோது எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை.

சமீபத்தில் ஒரு கூட்டத்தில் பிரசங்கம் செய்தவர், "பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இல்லை" என்று அடித்துச் சொன்னார். சுற்றிலும் "ஆமென்" கேட்டது. சற்று முன்புதான் மழைக்காக ஜெபம் கேட்டிருந்த ஓர் அக்கா, எனக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஏற்கெனவே பயந்து நடுங்குகிறவர் தலையில் "நீ விசுவாசமில்லாதவள்" என்ற பாரத்தையும் ஏற்றி அனுப்புவதா ஆறுதல்?

இப்படிப் பேசுகிறவர்கள் கையில் எடுப்பது 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்பதை உரக்கச் சொல்வார்கள். வசனம் அங்கே முடியவில்லை. "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று போகிறது. அந்தத் தெளிந்த புத்தியைப் பற்றி நான் பிரசங்கமே கேட்டதில்லை.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். பெலிஸ்தரின் ராட்சத வீரன் கோலியாத்தை அவன் வீழ்த்திய கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை யாரும் நாடகமாகப் போடுவதில்லை. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடுகிற தாவீது, நோபில் ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் வருகிறான். அங்கே இருந்த ஒரே ஆயுதம் கோலியாத்தின் பட்டயம், அதாவது வாள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கே எங்கே போகிறான் தெரியுமா? காத் பட்டணத்துக்கு. கோலியாத்தின் சொந்த ஊர்! பயம் மனுஷனை எப்படியெல்லாம் ஓட வைக்கிறது பாருங்கள். அந்த ஊர் ராஜாவின் ஊழியக்காரர்கள் அவனை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். தாவீது "மிகவும் பயப்பட்டான்" என்று வேதம் ஒளிக்காமல் எழுதுகிறது. பைத்தியம் பிடித்தவன்போலக் கதவைக் கீறி, வாயில் வந்த நுரையைத் தாடியில் வழியவிட்டு நடிக்கிறான். "எனக்குப் பைத்தியக்காரர் குறைவா?" என்கிற பாணியில் ராஜா சலித்துக்கொள்ள, உயிர் தப்புகிறது.

அந்த ஊரில் தாவீதைப் பெலிஸ்தர் பிடித்த சமயத்தைத் தலைப்பில் சொல்லும் சங்கீதம்தான் 56. அதில்தான் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று வருகிறது. தாடியில் நுரை வழிய நின்றவனின் ஜெபமாக அதை வாசித்துப் பாருங்கள். தனக்குப் பயமே கிடையாது என்று அவன் சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் இருக்கின்றன. 1 சாமுவேலின் அடுத்த அதிகாரத்தில், அதுல்லாம் என்ற குகையில் ஒளிந்திருக்கும்போது அவனைத் தேடி வந்தவர்கள் யார்? ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள், ஏறக்குறைய 400 பேர். அப்போதுதான் பயத்தில் ஓடிவந்தவனை அவர்கள் தலைவனாக ஏற்றார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரு நிமிடம், லென்ஸில் தண்ணீர். துடைத்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பல வருடம் கொழுந்து பறித்தவர். ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், சர்க்கரை மாத்திரை, டார்ச், ஒரு கம்பளி, ஓரம் மடங்கிய சிறு புதிய ஏற்பாடு. எல்லாவற்றையும் பாலிதீனில் சுற்றி, அதன்மேல் ரப்பர் பேண்டு போட்டிருப்பார். "இவ்வளவு ஜெபிக்கிறீர்கள், பிறகு எதற்குப் பெரியம்மா பை?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கிண்டலாகக் கேட்டான். "மழைக்கு என்ன தெரியும், நான் ஜெபிக்கிறவள் என்று? அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அதனால்தான் பையைக் கட்டிவை என்று புத்தி கொடுத்திருக்கிறார்" என்றார்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது சத்துருக்கள் தாக்கத் திட்டமிட்டார்கள். நெகேமியாவும் அவரோடு இருந்தவர்களும் தேவனை நோக்கி ஜெபித்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். நான்காம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கின்றன. பெரியம்மாவின் பை எனக்கு அந்த வசனம்தான்.

2009 மழையில் அவர் செய்ததை அண்மையில்தான் சொன்னார். நள்ளிரவில் மேல் சரிவில் கல் உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. கீழ் வரிசை வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தன. மின்சாரம் இல்லை. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்பியிருக்கிறார். "பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "பயமில்லாமலா? பல் தந்தியடித்தது. 'இயேசப்பா, இயேசப்பா' என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது" என்றார். எல்லாரையும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த வரிசை வீடுகள் கடைசியில் சரியவில்லை. தட்டி எழுப்பியதற்காகச் சிலர் அவரைத் திட்டவும் செய்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் தலைகவிழ்ந்த அக்கா இதைப் பார்த்தால், அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனேயில் இயேசுவே திகிலடையத் தொடங்கினார் என்று மாற்கு 14 சொல்கிறது. அவர் அதைச் சீஷர்களிடம் மறைக்கவில்லை. "நீங்கள் இங்கே தங்கி, விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர்கள் தூங்கிப்போனது வேறு விஷயம். அவரே துணை கேட்டிருக்கும்போது நீங்கள் ஜெபம் கேட்டதில் என்ன குறை? அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள், அக்கா. உங்களுக்கு அடுத்து நானும் என் பெயரைச் சொல்கிறேன்.

மலையில் இருப்பவர்கள் இந்த வாரமே பையைக் கட்டிவிடுங்கள். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு வந்தால், நன்றாகத் திறந்த கதவு திடீரென்று சட்டத்தில் இறுகினால், மரமோ கம்பமோ சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வீட்டில் பெரியவர்களுக்குப் போனில் தேடத் தெரியாது. காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி, கதவுப் பக்கம் மாட்டிவிடுங்கள்.