வேப்பமரத்தடியில் நடத்தலாமே என்றவருக்கு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நமது பல்கலைக்கழகங்கள் உலகத்தோடு போட்டி போடப் பெரிதும் வேண்டியது பணமா, ஆசிரியரா? ஆசிரியரே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "ஆசிரியர் போதுமென்றால் பல்கலைக்கழகத்தை வேப்பமரத்தடியில் நடத்தலாமே!" ஐயா, இந்த யாழ்ப்பாணத்தில் நின்றா அதைச் சொல்கிறீர்கள்?

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலில் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு எரித்தோமே, அந்த விளக்குக் காலம். என் அண்ணன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணிதம் படித்தார். மாலையில் அவருடைய விரிவுரையாளர் வீட்டு விறாந்தையில் வகுப்பு. முறை வைத்து ஆளுக்கொரு மூடி எண்ணெய் கொண்டு போக வேண்டும். ஒருநாள் முறைக்காரப் பிள்ளை படலையடியிலேயே நிற்கிறான்.

"ஏன் தம்பி அங்க நிக்கிறீர்?"

"எண்ணெய் கிடைக்கேல்ல, சேர்."

"எண்ணெய் இல்லாட்டி என்ன, காது இருக்குத்தானே. வாரும்!"

சொல்லிவிட்டு, மிச்ச எண்ணெயில் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் ஊதி அணைத்தார். மறுபடி சொல்கிறேன் சபையோரே, எரிந்த விளக்கை அணைத்தார்! அந்தப் பிள்ளை கூசக்கூடாது என்பதற்காக. பிறகு இருட்டில், கரும்பலகை இல்லாமல், சமன்பாடுகளை வாயால் சொன்னார்; பிள்ளைகள் மனதில் எழுதினார்கள். அன்றைய நிறுவலை அண்ணன் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்லுவார். மரத்தடியாவது வெளிச்சமாக இருக்கும், தலைவர் அவர்களே!

இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லாத காலத்தில், 1847 இல் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிறீன் இங்கே மானிப்பாயில் இருந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தமிழிலும் கற்பித்தார்.

பணம் வேண்டாமா? வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று 2012 இல் தெருவில் இறங்கியவர்களும் விரிவுரையாளர்கள்தான். உலகத் தரவரிசைகள் ஆய்வையும், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதையும் பார்க்கின்றன, மாடிகளை எண்ணுவதில்லை.

சரி, தரவரிசை கிடக்கட்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை விரிவுரையாளர்கள் விமானம் ஏறினார்கள்! மேற்படிப்புக்குப் போனவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி, குடும்பத்திலேயே முதல் ஆளாக வளாகத்துக்கு வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

நடுவர் அவர்களே, தீர்ப்பை எதிரணிக்கே கொடுங்கள், பரவாயில்லை. போனவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணாவது இந்தச் சபையில் யாரிடமாவது இருக்கும். இன்றிரவே கூப்பிடுங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.