பட்டுப்புழு மனைக்கு ஒரு வெப்ப மணி

நேயர்களுக்கு வணக்கம். காரிமங்கலம் பக்கம் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் பட்டுப்புழுவும் வளர்க்கிறோம்.

புழு வளர்ப்பு மனையில் 24 முதல் 28 டிகிரி வரை வெப்பம் இருந்தால் புழு நன்றாக இலை எடுக்கும். சித்திரை வெயிலில், நாம் இலை வெட்டப் போன நேரம் பார்த்து மின்சாரம் நின்று, மின்விசிறியும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான், சூடு மிஞ்சினால் ஒலித்து எச்சரிக்கும் வெப்ப மணி பேட்டரியில் ஓட வேண்டும் என்கிறேன்.

முதலில் ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் செய்தேன். தொடக்கத்தில் 30 டிகிரியில் சரியாக ஒலித்தது. மூன்றாவது வாரம் ஒரு மதியம் மணி கேட்டு ஓடினேன். வெப்பமானி 34 காட்டியது. கூடு கட்டும் முன் உள்ள கடைசிப் பருவமான ஐந்தாம் பருவப் புழுக்கள் இலையைத் தொடாமல் சோர்ந்து கிடந்தன. அன்று பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. டிரான்சிஸ்டர் விழிக்க ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும், பேட்டரி தளர்ந்தாலும் அது குறையாது. பேட்டரி தளரத் தளர, அந்த அளவை எட்டக் கூடுதல் வெப்பம் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது, இரண்டு கால்களுக்கு வரும் வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்.எம். 358 ஐ.சி.யைப் பயன்படுத்துகிறேன். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் தெர்மிஸ்டர், சூடு ஏறினால் மின்தடை குறையும் வகை. அதன் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில். மறுமுனையிலிருந்து 10,000 ஓம் மின்தடை நெகட்டிவுக்கு. இரண்டும் சேரும் இடம் ஐ.சி.யின் 3ஆம் காலுக்கு. பேட்டரிக்குக் குறுக்கே 10,000 ஓம் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் மின்தடை), அதன் நடுக்கால் 2ஆம் காலுக்கு. 8ஆம் கால் பாசிட்டிவ், 4ஆம் கால் நெகட்டிவ். 1ஆம் காலிலிருந்து 4,700 ஓம் வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டரின் பேஸ். பஸ்ஸரை அது இயக்கும். பேட்டரி தளர்ந்தாலும் 2ஆம் கால், 3ஆம் கால் இரண்டின் வோல்ட்டும் சேர்ந்தே இறங்குவதால் 30 டிகிரி 30 டிகிரியாகவே நிற்கும்.

9 வோல்ட் சிறு பேட்டரி பத்து நாள்தான் தாங்கும். ஒரு வளர்ப்புக்கே அது போதாது. 12 வோல்ட் பேட்டரியும் அதற்கேற்ற பஸ்ஸரும் வையுங்கள். தெர்மிஸ்டரைத் தகரக் கூரைக்கு அருகில் தொங்கவிடாதீர்கள், புழுத் தட்டின் மட்டத்துக்கு இறக்குங்கள். பக்கத்தில் வெப்பமானியை வைத்து, 30 காட்டும்போது பஸ்ஸர் ஒலிக்கும்படி பிரீசெட்டைத் திருகுங்கள்.

தினமும் காலை இலை போடும்போது அந்த மிளகளவு தெர்மிஸ்டரை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். விரல் சூட்டில் சில நொடியில் பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அன்று வயலுக்குப் போகும் முன் பேட்டரியைப் பாருங்கள்.