வின்ட்ஹூக் கேட்ட நாற்காலி

தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே, மழையென்றும் பாராமல் வந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகளே, மாணவியரே, வணக்கம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் நமீபியாவைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: அதன் விடுதலை, அதன் ராஜதந்திரம்.

தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த அந்த மண்ணில் 1989-இல் ஐ.நா. அமைதிப் படை இறங்கியது. படைத்தளபதி நம் இந்தியாவின் திவான் பிரேம் சந்த். தேர்தல் நடந்தது; 1990 மார்ச் 21 அன்று விடுதலை கிடைத்தது. பத்தாண்டு கழித்து, 2000 மே மாதம், இருபது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு தன் தலைநகர் வின்ட்ஹூக்கில் அமைதிப் பணியாளர்களைக் கூட்டி வைத்தது. அமைதிப் பணியில் பெண்கள் எங்கே என்று கேட்ட வின்ட்ஹூக் பிரகடனம் அங்கே பிறந்தது. அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் தலைமை சுழற்சி முறையில் நமீபியாவுக்கு வந்தது. ஒரே மாதம்தான்! அதன் கடைசி நாளான 31 அன்று, அமைதிப் பேச்சிலும் அமைதிப் பணியிலும் பெண்களுக்கு இடம் கேட்கும் 1325ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று மகளிர் நலத்துறை அமைச்சராக இருந்த நெடும்போ நந்தி-நடைட்வா, 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவராகவே பொறுப்பேற்றார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, தாய்மார்களே!

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தேர் எந்தத் தெருவில் போவது என்று தகராறு. அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தரப்புக்கு ஏழு பேர். பதினான்கு பேரும் ஆண்கள். மூன்று முறை கூடிக் கலைந்தார்கள். நான்காம் முறை, வேப்பமரத்தடியில் காத்திருந்த பாட்டி ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "தேர் எங்கே போனாலும் கல் விழுவது எங்கள் வீட்டு ஓட்டின்மேல். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவது நாங்கள். எங்களை யார் கேட்டீர்கள்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ எழுந்து நாற்காலி கொடுத்தார். தேர் முச்சந்தியில் நிற்கட்டும், இரண்டு தெருவும் தேங்காய்த் தட்டோடு அங்கே வரட்டும் என்றார் பாட்டி. குழாயடியில் இரு தெருப் பெண்களும் எப்போதோ பேசி முடித்திருந்த ஏற்பாடு அது! அந்த ஆண்டு தேர் ஓடியது.

1325 கேட்பதும் அந்த நாற்காலியைத்தான். நம் மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வோர் அமைதிப் பேச்சுவார்த்தையிலும் இரு தரப்பிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்திடாமல் போகாதீர்கள். வணக்கம்.