சுங்கச்சாவடியே நோயாளியானால்

எல்லோருக்கும் வணக்கம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் காப்ஸ்யூலை என்றைக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் உள்ளே தூள் இருக்காது. குண்டூசித் தலை அளவில் மணிகள் இருக்கும். மெல்லாதீர்கள், முழுதாக விழுங்குங்கள் என்று சொல்வது அந்த மணிகளின் மேல்பூச்சுக்காகத்தான். இரைப்பை அமிலம் பட்டால் மருந்து சிதைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அமிலம் இல்லாவிட்டாலும் இந்த மருந்து வேலை செய்யாது! சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, அமிலம் சுரக்கும் செல்லுக்குக் கொல்லைப்புற வழியாக வந்து சேர்கிறது. அங்கே அமிலம் பட்டதும் உருமாறி, அமிலத்தை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடுகிறது.

அதற்கு முன்னால், அதே அமிலத்தைக் குறைக்க வந்தது சிமெட்டிடின். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய மருந்தியல் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக்கின் குழு அதற்குமுன் இரண்டு மருந்துகளில் சறுக்கியது: ஒன்று வாய்வழியே கொடுத்தால் உடலில் சரியாக ஏறவில்லை, இன்னொன்று சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்தது. எனக்கு அந்த இரண்டின் மேல்தான் மரியாதை அதிகம்.

சரி, கல்லீரலுக்கு வருவோம். குடலில் ஏறும் மருந்து பெரும்பாலும் உடலெங்கும் போகுமுன் கல்லீரலைத் தாண்டியாக வேண்டும், சுங்கச்சாவடி மாதிரி. அந்தச் சாவடியே நோயாளியாக இருந்தால்?

1993இல் அமெரிக்காவில் ஃபியாலுரிடின் என்ற மருந்தை ஹெபடைடிஸ் பி உள்ள 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் நன்றாகவே இறங்கியது. அப்புறம் 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 5 பேர் இறந்தார்கள். மற்ற இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். மருந்து செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கியிருந்தது. நிறுத்திய பிறகும் சேதம் நிற்கவில்லை. முன்பு நடந்த விலங்குச் சோதனைகள் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மருந்து கல்லீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க கல்லீரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் கவனித்துச் சொன்ன ஒரு கணக்கு உண்டு. கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ஏஎல்டி என்ற நொதி இயல்பைவிட 3 மடங்கு, கூடவே மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபின் 2 மடங்கு, வேறு காரணமும் இல்லை என்றால் பத்தில் ஒருவருக்கு உயிராபத்து. ஆனால் கல்லீரல் நோயாளிக்கு ஏஎல்டி முதல் நாளே எகிறியிருக்குமே! அது நோயா, மருந்தா? அதனால்தான் கல்லீரல் நோயாளிகளிடம் புது மருந்தைச் சோதிக்கும்போது முதல் மாத்திரைக்கு முன்பே, சில வாரங்கள் விட்டு இரண்டு முறை ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அவரவர் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் புதிதாக ஏறியது எவ்வளவு என்று தெரியும்.