பத்தாவது கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். தாய்மொழியைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். மொழியின் பெருமையைப் பேச என்னைவிட நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் வரும் ஒரு கேள்வியைப் பற்றி. 2011 படிவத்தில் அது பத்தாவது கேள்வி. உங்கள் தாய்மொழி என்ன? அவ்வளவுதான். நான் பள்ளிக்கூட வாத்தியார், கணக்கெடுப்பு வேலைக்கு எங்களைத்தான் அனுப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கும் ஒரு வாத்தியாரோ டீச்சரோ வந்திருப்பார், நீங்களும் வாசலில் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

அந்தப் பத்தாவது கேள்விக்கு எங்களுக்குக் கொடுத்த விளக்கம் மிகத் தெளிவானது. ஒருவரின் சின்ன வயதில் அவருடைய அம்மா அவரிடம் எந்த மொழியில் பேசினாரோ அதுதான் தாய்மொழி. அம்மா சிறு வயதிலேயே இறந்திருந்தால், அப்போது வீட்டில் முக்கியமாகப் பேசிய மொழி. சாதி என்ன, பூர்வீகம் எது, பள்ளியில் எந்த மொழியில் படித்தீர்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லை. அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுத வேண்டும், இது மொழியா, வட்டார வழக்கா என்று கணக்கெடுக்கப் போனவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரப் போகிறேன்.

2011 பிப்ரவரி. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய தெருக்கள். யார் வீடு, எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன், கணக்கெடுப்பில் சொன்னது ரகசியம், 1948ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சௌராஷ்டிரக் குடும்பம் என்று மட்டும் சொல்கிறேன். மதுரைக்காரர்களுக்கு அவர்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டு நெசவு செய்தவர்கள், மேற்கு இந்தியாவில் கிளம்பித் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றியவர்கள். பரமக்குடி, சேலம், கும்பகோணம், திண்டுக்கல் என்று பல ஊர்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்.

நான் போனபோது ஒரு பாட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியை நகத்தால் சின்னதாகக் கிள்ளித் தூக்கி, அதில் நூலைச் சுற்றி இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சாயத்தில் முக்கியெடுத்து அவிழ்த்தால் முடிச்சுப் போட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கை ஒரு நிமிடம் நிற்கவில்லை. பதில் சொன்னவர் அவருடைய மகன். பெயர், வயது, கல்யாணம் எல்லாம் முடிந்து பத்தாவது கேள்விக்கு வந்தோம். "தமிழ்னு போட்டுக்கங்க சார்" என்றார். பாட்டி முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னார். மகனும் சௌராஷ்டிரத்திலேயே பதில் சொன்னார். கொஞ்ச நேரம் இருவருக்கும் வாக்குவாதம், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் யார் கை ஓங்குகிறது என்று நன்றாகவே புரிந்தது. அப்புறம் மகன் என் பக்கம் திரும்பி, "நாங்க படிச்சது தமிழ், எழுதுறது தமிழ், கணக்கு எழுதுறதும் தமிழ்லதான், பின்ன என்ன சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான், "சின்ன வயசுல அம்மா உங்ககிட்ட என்ன பேசினாங்க?" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். "சௌராஷ்டிரம்னே எழுதுங்க" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை இங்கே சொல்லியிருக்க மாட்டேன். படிவத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும் இல்லையா, கடைசியில் பேரன். சின்னப் பையன். அவனிடம் அம்மா என்ன பேசுகிறார் என்று கேட்டேன். மருமகள் உள்ளேயிருந்து வந்து, "அவன்கிட்ட தமிழ்லதான் சார் பேசுறோம், ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுன்னு" என்றார். அந்த வீட்டில் பாட்டி, மகன், மருமகள் மூன்று பேருக்கும் சௌராஷ்டிரம், பேரனுக்குத் தமிழ். விதிப்படி அதுதான் சரி. பாட்டியின் கை அப்போதுதான் நின்றது. "ஏன் வாத்தியாரே, எம் பேரனுக்கு மட்டும் வேற மொழியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டது இன்றைக்கும் என் மனசில் இருக்கிறது.

ஒரு சமூகத்தின் அடையாளமும் அதன் தாய்மொழியும் ஒன்றேதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. அந்தப் பையன் வளர்ந்து பெரியவனானாலும் சௌராஷ்டிரன்தான், கல்யாணம், கோயில், உறவு எல்லாம் அந்தச் சமூகத்துக்குள்தான் இருக்கும். மொழி மட்டும் ஒரே தலைமுறையில் விலகிப் போகும். சங்கம் வைக்கிறோம், மாநாடு நடத்துகிறோம், அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மொழி கைமாறுவது குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது. அப்பா ஊட்டினாலும் சரி, அம்மா ஊட்டினாலும் சரி, அம்மா தலையில் மட்டும் இதைக் கட்ட வேண்டாம்.

சரி, எழுதிக் கொடுத்த பதில் என்ன ஆகிறது? 2011இல் நாடு முழுக்க மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதை எழுத்து வேறுபாடு, ஊர்ப்பெயர் எல்லாம் பார்த்துச் சீர்செய்து, அடையாளம் தெரிந்த 1,369 தாய்மொழிகளாக வகுத்தார்கள். அதற்கு மேல் ஒரு தொகுப்பு. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகள். இந்தத் தொகுப்பில்தான் பெயர்கள் மறைகின்றன. இந்தி பேசுவோர் 52 கோடிக்கு மேல் என்று படிக்கிறோம். அதற்குள் போஜ்புரி மட்டும் ஐந்து கோடிக்கு மேல், ராஜஸ்தானி, மகதி, சத்தீஸ்கரி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் உள்ளே இருக்கின்றன. அந்தப் பாட்டியின் சௌராஷ்டிரம் குஜராத்திக்கு உள்ளே. நீலகிரிப் படகர்களின் மொழி கன்னடத்துக்கு உள்ளே. இந்தியைச் சொல்லும்போது நம்மவர்கள் வேகமாகத் தலையாட்டுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இருளர் மொழியைத் தமிழுக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உள் அட்டவணையில், பத்தாயிரம் பேருக்கு மேல் சொன்ன ஒவ்வொரு பெயரும் தனி எண்ணிக்கையோடு இருக்கிறது. சௌராஷ்டிரத்துக்கு 2,47,702 என்று இருக்கிறது. யாராவது வாய்திறந்து பெயரைச் சொன்னதால்தான் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் இருக்கிறது. வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக் குடும்பங்களில் பலர், தாய்மொழி இந்தி என்று எழுதிக் கொடுத்தார்கள், அப்படி எழுதுங்கள் என்று பிரச்சாரமே நடந்தது. சண்டை முற்றி, 1951 கணக்கெடுப்பில் அந்தப் பகுதியில் இந்தியையும் பஞ்சாபியையும் பிரிக்காமல் சேர்த்தே எண்ணிவிட்டார்கள். 1961லும் அதே தகராறு. 1966இல் பஞ்சாப், ஹரியானா என்று பிரித்தபோது எல்லை எங்கே என்பதற்கு அந்தப் பதில்களும் கணக்கில் வந்தன. அம்மா பேசிய மொழியைக் கேட்டால் மதத்தைப் பதிலாகச் சொன்ன கதை அது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வேறு மொழியைச் சொன்னால் தமிழுக்குக் குறைவு ஆகிவிடாதா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது, ஆகாது. கரிசல் காட்டுப் பேச்சுக்கென்று ஒரு சொல்லகராதியே தொகுத்த கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு. 1993இல் தமிழுக்குச் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரர். மதுரை டி.எம். சௌந்தரராஜனும் சௌராஷ்டிரர்தான், அவரைவிட அழுத்தமான தமிழ் உச்சரிப்பை எந்த வானொலியில் கேட்டீர்கள்? இன்னும் பின்னால் போனால் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். தாய்மொழி சௌராஷ்டிரம், வாழ்ந்தது தமிழ் நாட்டில், குரு தியாகராஜர், அந்தக் குருவின் தெலுங்குக் கீர்த்தனைகளை எழுதிக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். 2011இல் இந்த மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 88 சதவீதத்துக்கு மேல், தெலுங்கு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ் தைரியமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டிலும் தெலுங்குதான். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமத்துத் தெலுங்கு, பாதி வார்த்தை தமிழ். எழுதத் தெரியாது. விஜயவாடாவில் போய்ப் பேசினால் சிரிக்கிறார்கள். அதனாலேயே எங்கள் சொந்தக்காரர்கள் பலர் "எங்களுக்குத் தெலுங்கு தெரியாதுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள், வீட்டுக்குள் நாள் முழுக்க அதில்தான் பேசுகிறார்கள்! பதினொன்றாவது கேள்வி இதுதான், தெரிந்த வேறு மொழிகள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அதில் இல்லை, புரிந்து பேசத் தெரிந்தால் போதும். இரண்டு மொழிக்குத்தான் இடம், ஓசூர்ப் பக்கம் ஒரு கடைக்காரருக்கு அந்த இடம் போதாது. அப்படியிருந்தும் நாட்டில் நாலில் ஒருவர்தான் இரண்டு மொழி தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். தெருவில் பேசும் மொழியை யாரும் மொழியாக எண்ணுவதில்லை, அதனால்தான் கணக்கு இவ்வளவு குறைகிறது என்பது என் எண்ணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. எழுத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு, கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடிலும் 2008இல் சேர்ந்துவிட்டது, ஆனால் அதில் எழுதுவதா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்ற விவாதம் ஓயவில்லை. சந்தால் பழங்குடி மக்கள் பேசும் சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு 1925இல் ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார், அந்த மொழி 2003இல் அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணைக்குள் வந்தது. அந்த வரலாற்றை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப் போய், 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாக வைத்து நடக்கப் போகிறது. இந்த முறை நீங்களே இணையத்தில் நிரப்பவும் வழி இருக்கிறது. வீட்டில் யாராவது அவசரமாக எல்லாருக்கும் ஒரே பதிலைப் போட்டு முடிப்பதற்கு முன்னால், பாட்டியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டு நிரப்புங்கள். நன்றி, வணக்கம்.