அணைச்ச பிறகும் மின்னுற சிவப்புப் புள்ளி

[இரவு பத்தரை மணி. விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு முன்விறாந்தை. ஒரு வெளிச்சமும் இல்லை. சுவரில் மீட்டர் பெட்டி. அதுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறைகிறது.]

இந்த வீட்டில இப்ப எல்லாம் நிப்பாட்டியாச்சு. லைற் இல்லை, ஃபான் இல்லை, ரீவி இல்லை. சோதனைக்காகப் பிரிட்ஜின்ட பிளக்கையும் கழட்டி வைச்சிருக்கிறம். ஆனா அந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்கோ. மின்னினது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகும் மின்னும்.

அப்ப ஆர் கறண்ட் குடிக்கிறது?

இது என்ர மாமியின்ர வீடு. போன மாசம் அவவுக்கு 86 யூனிற் வந்திருக்கு. வீட்டில இருக்கிறது மாமியும் மகளும் பேரனும்தான். மாமியிட்டக் கேட்டால் குற்றவாளி ஆரெண்டு உடன சொல்லுவா.

"எல்லாம் உவன்ர போன் சார்ஜர்தான் தம்பி. இரவிரவாக் குத்தினபடி கிடக்கும்."

பேரன் வாயே திறக்கேல்லை. பாவம், அவனும் அப்பிடித்தான் நம்பியிருக்கிறான்.

[மீட்டரின் முகப்பு, கிட்ட. "1600 imp/kWh" என்பதற்குப் பதிலாக 1600 என்ற எண்ணை மட்டும் வட்டமிட்டுக் காட்டவும்.]

மீட்டரின்ர முகத்தில சின்னதா ஒரு எண் அடிச்சிருக்கும். இங்க 1600. சில வீட்டில 1000, சில வீட்டில 3200. அந்தப் புள்ளி 1600 தரம் மின்னினால் ஒரு யூனிற் முடிஞ்சுது எண்டு அர்த்தம். ஆகவே ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில எத்தினை செக்கன் எண்டு போனில பாத்தால், வீடு அந்த நேரம் எத்தினை வாற்ஸ் எடுக்குது எண்டு கணக்குப் போடலாம். 1600 மீட்டர் எண்டால் 2250 ஐ செக்கனால பிரியுங்கோ. 1000 மீட்டர் எண்டால் 3600 ஐப் பிரியுங்கோ. 3200 எண்டால் 1125. தட்டுச் சுத்துற பழைய மீட்டர் வைச்சிருக்கிற ஆக்கள், ஒரு யூனிற்றுக்கு எத்தினை சுத்து எண்டு அதில எழுதியிருக்கும், 36 இலட்சத்தை அந்த எண்ணால பிரிச்சு, வாறதை ஒரு சுத்துக்கு எடுக்கிற செக்கனால திரும்பப் பிரியுங்கோ. மீட்டரில கை வைக்கத் தேவையில்லை. கண்ணால பாத்தாப் போதும்.

நாங்கள் பாத்தம். 50 செக்கன். 2250 ஐ 50 ஆல பிரிச்சால் 45 வாற்ஸ்.

45 வாற்ஸ் எண்டது ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா இது விடியவும் நிக்காது, பகலிலயும் நிக்காது. ஒரு மாசத்தில 720 மணித்தியாலம். பெருக்கினால் 32 யூனிற்றுக்கு மேல. 86 இல 32. மூண்டில ஒரு பங்குக்கு மேல, ஒருத்தரும் பாவிக்காமலே போகுது.

[பேரன் மூன்று சார்ஜர்களையும் கழற்றுகிறான். மீண்டும் மீட்டர்.]

முதல்ல சந்தேக நபரை விசாரிப்பம். மூண்டு சார்ஜரையும் கழட்டினம். எண்ணினம். 50 செக்கன். முன்னைக்கு இருந்த அதே 50.

போன் குத்தாமச் சும்மா கிடக்கிற நல்ல சார்ஜர் ஒண்டு 0.2 வாற்ஸ் அளவில எடுக்கும். மாசம் முழுக்கக் கிடந்தாலும் ஒரு யூனிற்றில ஏழில ஒரு பங்குதான். அது மட்டும் தனியக் கிடந்தால் இந்த மீட்டர் கணக்கெடுக்கவே தொடங்காது. மின்னல் அடிக்கிற ஐப்பசி கார்த்திகையில கட்டாயம் கழட்டுங்கோ, அது வேற கதை. பில்லுக்காகப் பிள்ளையோட சண்டை பிடிக்க வேண்டாம்.

பிறகு டிஷ் ரீவியின்ர பெட்டி. றிமோட்டால நிப்பாட்டினதுதான், பச்சை லைற் சிவப்பாக மாறியும் இருந்தது. பிளக்கைக் கழட்டினம். 50 செக்கன் 68 செக்கனாப் போச்சு. பெட்டிக்கு மட்டும் 12 வாற்ஸ்.

இது ஏன் எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்தோணும். றிமோட்டால போடுற எந்தச் சாமானுக்கும் ஒரு காது முழிச்சிருக்கோணும், நீங்கள் பட்டனை அமத்தினால் கேக்கிறதுக்கு. அந்தக் காதுக்குப் பெரிய கறண்ட் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இலயே சட்டம் வைச்சிட்டுது, நிப்பாட்டி வைச்ச சாமான் அரை வாற்ஸுக்கு மேல எடுக்கக்கூடாது, நேரம் காட்டுற முகப்பு இருந்தால் ஒரு வாற்ஸ் எண்டு. ஆகவே செய்யலாம், ஏலாத காரியமில்லை. ஆனா டிஷ் பெட்டி முழுசா நித்திரை கொண்டால், திரும்ப எழும்பி டிஷ்ஷைத் தேடிப் பிடிச்சு, சனல் பட்டியலை இறக்கி, படம் காட்ட ரெண்டு மூண்டு நிமிஷம் செல்லும். அவ்வளவு நேரம் ஆரும் பொறுக்க மாட்டினம். அதால பெட்டி செய்யிற ஆக்கள் ஒரு குறுக்கு வழி பிடிச்சவை: நிப்பாட்டு எண்டால் படத்தை மட்டும் மறைக்கிறது. உள்ளுக்க எல்லாம் ஓடினபடிதான். அந்தச் சிவப்பு லைற் ஒரு நடிப்பு. பெட்டிக்கு மேல கை வைச்சுப் பாருங்கோ, பூனை படுத்தெழும்பின இடம் மாதிரிச் சுடும். சும்மா சொல்லேல்லை, மாமியின்ர பூனை அதுக்கு மேலதான் படுக்கிறது.

[சுவர் மூலை. ஒரு பழைய இன்வேட்டர், பக்கத்தில் பற்றரி. மேலே ஒரு சீலை விரித்து, அதில் கொப்பிகள் அடுக்கியிருக்கிறது.]

இனித்தான் பெரிய கள்ளன்.

2022 ஞாபகம் இருக்கும். மார்ச் மாசக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டு. அந்த நேரம் காசுள்ள ஆக்கள் இன்வேட்டரும் பற்றரியும் வாங்கிச்சினம், இல்லாத ஆக்கள் கடன்பட்டு வாங்கிச்சினம். மாமியும் வாங்கினவ. பேரனுக்கு அடுத்த வருசம் சோதினை. பிறகு வெட்டு நிண்டுது. இன்வேட்டரை மறந்தாச்சு. மேல சீலை விரிச்சு கொப்பி அடுக்கியாச்சு.

ஆனா அது மறக்கேல்லை. ஈயப் பற்றரிக்கு அமிலத் தண்ணி வத்தினால், கவனிக்காமல் விட்டால், ரெண்டு மூண்டு வருசத்தில உள்தகடு செத்துப் போகும். செத்த பற்றரி சார்ஜைப் பிடிச்சு வைச்சிருக்காது. ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி விடுற மாதிரி இன்வேட்டர் இரவு பகலாச் சார்ஜ் ஏத்திக்கொண்டே இருக்கும். ஏத்தினதெல்லாம் சூடாப் போகும். பிளக்கைக் கழட்டினம். 68 செக்கன் 205 ஆப் போச்சு. 22 வாற்ஸ். மாசம் பதினாறு யூனிற்.

"கறண்ட் போனால் அது லைற் எரிக்குமோ மாமி?"

"எரிக்கும். ஒரு அஞ்சு நிமிஷம்."

2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கறண்ட் போன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கோ? பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு ஒண்டு முட்டினது எண்டு அமைச்சர் சொன்னாரே, அண்டைக்கு. அண்டைக்கும் இது அஞ்சு நிமிஷம்தானாம் எரிச்சது.

மிச்சம் ரீவிக்கு 2 வாற்ஸ், வைஃபை பெட்டிக்கு 9. வைஃபை பெட்டியை விட்டிட்டம். அதில கை வைச்சால் வீட்டில கலவரம்.

[கறுப்புத் திரை. 60 என்ற எண் மட்டும்.]

இப்ப இந்த எண்ணைப் பாருங்கோ. வீட்டுப் பாவனைக்குக் கறண்ட் கட்டணத்தில ரெண்டு அட்டவணை இருக்கு. மாசம் 60 யூனிற்றுக்குள்ள நிண்டால் முதல் 30 க்கு ஒரு விலை, அடுத்த 30 க்கு இன்னொரு விலை, ரெண்டும் மலிவு. 61 ஆவது யூனிற் வந்திட்டால் அந்த ஒரு யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுறதில்லை. முதலாவது யூனிற்றில இருந்தே கூடின அட்டவணைக்குப் போயிடுவீங்கள். மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். விலை அடிக்கடி மாறுது, அதால நான் காசுக் கணக்குச் சொல்லேல்லை, உங்கட பில்லின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ. ஆனா அந்த 60 எண்ட வேலிதான் வன்னியில கனக்க வீடுகளுக்கு முக்கியம். எங்கட ஆக்களில கனபேர் அந்த வேலிக்குக் கிட்டத்தான் நிக்கினம், கொஞ்சம் உள்ளுக்க, இல்லாட்டிக் கொஞ்சம் வெளியில.

மாமிக்கு 86. செத்த பற்றரி 16. டிஷ் பெட்டியைப் பாக்கிற நாலு மணித்தியாலம் மட்டும் போட்டால் 7 மிச்சம். 63. வேலிக்கு மூண்டு யூனிற் வெளியில.

அந்த மூண்டை எங்க தேடுறது எண்டு யோசிக்க மாமி தேத்தண்ணி வைக்க எழும்பினா. கறண்ட் கேத்திலை வாய் வரைக்கும் நிரப்பினா.

[கேத்தில். உள்ளே அளவுக் கோடு, 1.7 லீற்றர் வரை நிரம்பியிருக்கிறது.]

கேத்தில் நல்ல சாமான். வீட்டில இருக்கிறதிலயே நேர்மையான சாமான் எண்டும் சொல்லுவன், எடுக்கிற கறண்ட் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணிக்குத்தான் போகுது. பிழை நாங்கள் நிரப்பிறதில. ஒரு லீற்றர் தண்ணியை எங்கட வெக்கையில, 28 பாகையில இருந்து 100 பாகைக்குக் கொண்டு போக 0.084 யூனிற் தேவை. இதை ஒரு கொம்பனியாலயும் குறைக்க ஏலாது, தண்ணியின்ர குணம். மூண்டு பேருக்குப் பிளேன்ரீ எண்டால் அரை லீற்றர் காணும். மாமி 1.7 லீற்றர் வைக்கிறா. மிச்சம் 1.2 லீற்றர் கொதிச்சு, ஆறி, பின்னேரம் திரும்பக் கொதிக்குது. ஒரு தரத்துக்கு 0.1 யூனிற். ஒரு நாளைக்கு மூண்டு தரம் எண்டால் மாசம் 9 யூனிற்.

63 இல 9 போக 54. வேலிக்கு உள்ளுக்க வந்தாச்சு.

[பகல். பரந்தன். கிணத்தடி, தண்ணி மோட்டர் ஓடுகிற சத்தம்.]

இது எங்கட வீடு. எங்கட வீட்டுக் கள்ளன் சுவருக்குள்ள இல்லை, கிணத்தடியில.

ஒரு குதிரைவலு மோட்டர் எண்டால் தண்டில 746 வாற்ஸ். கறண்ட் பக்கம் ஒரு கிலோவாற் அளவில இழுக்கும். அப்பா தாங்கி நிரம்பி வழியும் வரைக்கும் விடுவார், அரை மணித்தியாலம் கூட ஓடினால் அரை யூனிற். அதை விடப் பெரிய பிழை நேரத்தில இருந்தது. பின்னேரம் ஏழு மணிக்கு ஊர் முழுக்க லைற், ஃபான், ரீவி. ட்ரான்ஸ்போமரில இருந்து கடைசி வீடு எங்கட. லைற் மங்கும், வோல்ற்றேஜ் 230 இல இருந்து 180 மட்டுக்கு இறங்கும். "வோல்ற்றேஜ் குறைஞ்சால் கறண்டும் குறைய எடுக்கும்தானே" எண்டு அப்பா கேட்டார். இழை எரியிற பழைய பல்புக்கு அது சரி. மோட்டருக்குத் தலைகீழ். தண்ணியின்ர பாரம் குறையேல்லையே. அதே வேலையைச் செய்ய மோட்டர் அம்பியரைக் கூட்டி இழுக்கும், ஏறத்தாழக் கால்வாசிக்கு மேல. சுருளில ஏறுற சூடு அம்பியரின்ர வர்க்கத்துக்கு ஏறும், அதால சூடு ஒண்டரை மடங்கையும் தாண்டும். எங்கட வீட்டு மோட்டர் மூண்டு தரம் சுருள் கட்டினதுக்குக் காரணம் "பழுதான சாமான்" இல்லை. இப்ப விடியக்காலமை அஞ்சரைக்குப் போடுறம்.

குழாயையும் பாருங்கோ. முக்கால் அங்குலக் குழாயில போற அதே தண்ணியை ஒரு அங்குலக் குழாயில விட்டால் உரசலால வாற தடை நாலில ஒண்டாகக் குறையும். கடையில ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். ஆவணி புரட்டாதியில கிணறு வத்தேக்க மேல நிக்கிற மோட்டரால 25 அடிக்குக் கீழ உறிஞ்ச ஏலாது, காத்தைத்தான் இழுக்கும். அப்ப மோட்டரைக் கிணத்துக்குள்ள படியில இறக்கிறதுதான் வழி.

[சுவர்ச் சொக்கற். ஒரு கை பேனாவால் மேல் ஓட்டையை அமத்திக்கொண்டு உருண்டைப் பின் பிளக்கைத் திணிக்கிறது.]

இது எல்லாரும் செய்யிறம், நானும் செய்திருக்கிறன். நாட்டுத் தரம் இப்ப 13 அம்பியர் சதுரப் பின். சாமானில வாறது உருண்டைப் பின். பேனை மூடியால மேல் ஓட்டையை அமத்தித் திணிக்கிறம். போன் சார்ஜருக்கு அது அவ்வளவு பெரிய விசயமில்லை. கேத்திலுக்கும் அயனுக்கும் செய்யாதேங்கோ. பிடிமானம் இல்லாத தொடுப்பில அரை ஓம் தடை இருந்தால், 8 அம்பியர் போகேக்க அந்த ஒரு புள்ளியில 32 வாற்ஸ் சூடு. வெள்ளைச் சொக்கற் மண்ணிறமாகிறது அதாலதான். பணமும் போகுது, ஒரு நாளைக்கு வீடும் போகும்.

[மீண்டும் விசுவமடு. இரவு.]

மாமி உண்மையில கறண்டுக் கணக்குத் தெரியாத ஆள் இல்லை. தொண்ணூறுகளில இங்க கறண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் தங்க விலை. ஜாம் போத்தில் விளக்கில கொஞ்ச எண்ணெய் விட்டு ஒரு இரவைக் கொண்டு போனவ. சைக்கிளைக் கவிட்டு வைச்சு மாமா மிதிக்க, தைனமோ கறண்டில றேடியோச் செய்தி கேட்ட வீடு இது. மாமா களைச்சால் செய்தியும் நிக்கும். அந்தக் காலத்தில எது எவ்வளவு தின்னுது எண்டு கண்ணுக்குத் தெரிஞ்சது, எண்ணெய் மட்டம் இறங்கும், கால் நோகும். டிஷ் பெட்டி அப்பிடி ஒண்டையும் காட்டாது.

பற்றரியைப் பழைய இரும்பு எடுக்கிற ஆள் நிறைக்கு எடுத்துக்கொண்டு போனார், ஈயத்துக்கு விலை இருக்கு. டிஷ் பெட்டிக்குத் தனிச் சுவிச் வைச்ச பலகை ஒண்டு போட்டம். படம் வர மூண்டு நிமிஷம் செல்லுது எண்டு மாமிக்கு இப்பவும் கோபம். செய்தி துவங்க முதலே போய்ப் போட்டிட்டுத் தேத்தண்ணி வைக்கிறா, அரை லீற்றர்.

கடைசியா ஒருக்கா மீட்டரடியில நிண்டம். வைஃபை பெட்டி மட்டும்தான் ஓடுது, 9 வாற்ஸ். கணக்குப்படி 250 செக்கனுக்கு ஒருக்கா மின்னோணும். புள்ளி மின்னினது. போனில நேரத்தை அமத்தினன். ஒரு நிமிஷம். ரெண்டு. நுளம்பு காலைச் சுத்தித் தின்னுது. மூண்டு.

மாமி உள்ளுக்க இருந்து கேட்டா:

"என்ன தம்பி, கறண்ட் போட்டுதோ?"